மஞ்சள் அம்பு

ஒரு டப்பா பெயின்ட், இரண்டு தூரிகை,
ஈரம் துடைக்கக் கந்தல்,
பாதி தின்ற சோடா ரொட்டி.
எட்டு மைல் பாதைக்கு இது போதும் என்கிறது
ஸ்லைகோ கவுன்டி அலுவலகம்.
அவர்கள் கணக்கில் மழை இல்லை.

கம்பத்துக்குக் கம்பம் நின்று
நடக்கும் மனிதனுக்கு மஞ்சள் உடம்பு கொடுப்பது
என் வேலை.
கையில் கோல் உண்டு, முதுகில் மூட்டை உண்டு,
முகம் கிடையாது அவனுக்கு.
பதினோராம் கம்பத்தில் ஏதோ ஒரு மாடு முதுகு சொறிந்து
அவன் தலையைத் தேய்த்திருந்தது.
பதினான்கில் யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.
நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

பத்தொன்பதில் கதவு.
கதவில் சங்கிலி.
சங்கிலிக்கு அந்தப் பக்கம் டர்லக் கானலன்.

"நாய்" என்றார்.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
கடையில் பால் வாங்கும்போதே காதில் விழுந்ததுதான்:
ஏப்ரல் மாதம், கயிறில்லாத நாய்,
ஆறு சினை ஆடுகள், பாறை விளிம்பு.
ரொம்ப சாது, யாரையும் ஒன்றும் செய்யாது
என்றாளாம் அந்தப் பெண்,
அதன் பல்லிடுக்கிலிருந்து
கம்பளியை இழுத்துக்கொண்டே.

இந்த நாட்டில் பாதை என்பது
மண்ணில் இருப்பதல்ல.
ஒருவர் வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பது.
அவர் சொல்லிவிட்டார்.

"நீ ஏறி வா, அட்ராக்டா. அம்பு வரக் கூடாது."

டப்பாவோடு ஏறினேன்.
கோரைக்குள் வைத்த காலை
முழங்கால் வரை குடித்துப் பார்த்தது சதுப்பு.
பெரணி துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது.
மேலே, சுண்ணாம்புப் பாறையின் முகத்தில்
வரிசையாய்க் குகைகள்,
கொட்டாவியை முடிக்க மறந்த வாய்கள்.
ஒவ்வொன்றிலும் தலையை விட்டு அவர் ஆடு எண்ணினார்.
உள்ளிருந்து புழுக்கை வாசம்,
அதற்கும் பின்னாலிருந்து
மலையின் பழங்குளிர்.
மூன்றாம் குகையில் ஒரு கரடிப் பல் கிடைத்ததாம்,
இருபது வருடம் முன்பு.
மியூசியம் இரண்டு கடிதம் போட்டது.
பல் இன்னும் டிராக்டர் சாவியில்தான் தொங்குகிறது.

உச்சியில் ஆலங்கட்டி பிடித்துக்கொண்டது.
ஒதுங்க அங்கே ஒன்றுதான் உண்டு. பதுக்கை.
கல்லின் மேல் கல்லாய் ஐயாயிரம் வருடக் குவியல்,
வயிற்றால் நுழையும் வாசல்.
முன்னால் அவர் தவழ்ந்தார், பின்னால் நான்,
என் பின்னால் பெயின்ட்.
உள்ளே நிமிர முடிந்தது.
எரித்த எலும்பை ஒரு காலத்தில் வைத்த மாடத்தை
டார்ச் அடித்துக் காட்டினார்.

"ஐந்து விழுந்தன.
ஒன்று இங்கே வந்து ஈன்றிருந்தது, இந்தக் கல்லில்.
விடிந்து கண்டுபிடித்தேன்.
வாசலை அடைத்து நின்று என்னையே முட்டியது.
குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
பின்னோக்கித் தவழ்ந்தேன்.
திரும்ப இடமில்லையே."

"இப்போது அந்தக் குட்டி?"

"ஆகஸ்டில் விற்றாயிற்று."

கொஞ்ச நேரம் கழித்து,
"இதை எழுதி ஒரு பலகை வைத்துவிடாதே."

கூரைக்கல்லில் ஆலங்கட்டி நின்றது.
அந்த நிற்றல்தான் சத்தமாகக் கேட்டது.

கீழே வந்து
அவர் கொட்டகைத் தாரை வாங்கி
பத்தொன்பதாம் மனிதனைக் கறுப்பால் மூடினேன்.
இடப்பக்கம் சாலையை நோக்கி ஒரு புது அம்பு.
இரண்டு மைல் சுற்று, பால் லாரிகள் போகும் வழி,
பார்க்க ஒன்றுமில்லை.
டப்பாவைப் பிடித்துக்கொண்டது அவர்தான்.
அப்போது என் முழங்காலைக் கண்டார்.
மூடி சரியாக மூடியிருக்கவில்லை.
அங்கே மேலே, அந்த வாசற்கல்லில்,
அத்தனை ஆயிரம் வருடத்துக்கும் பிறகு
என் மஞ்சள் முழங்கால்.

"மழை கழுவிவிடும்" என்றார்.

"கழுவாது. பதினைந்து வருட உத்தரவாதம்."

சரிவில் மேய்ந்த தன் ஆடுகளைப் பார்த்தார்.
ஒவ்வொன்றின் பின்புறத்திலும்
அவர் போட்ட நீலக் குறி கரைந்து
பாதி ஒழுகியிருந்தது.

"எந்தக் கம்பெனி?"