மாப்பிள்ளையைக் குரங்கு கொண்டுபோன சனிக்கிழமை

மார்ஷ்மெல்லோ ஒரு பொட்டலம், இரண்டு கரண்டி தண்ணீர்.
உருகிப் பொங்கியதில் ஐசிங் சர்க்கரையைக் கொட்டி
பூரி மாவுக்குக் கொடுக்கிற அதே குத்தைக் கொடுத்தேன்.
கையில் மார்ஜரின், மூக்கில் சோளமாவு.
சர்க்கரை என்றாலே
கப்பலேறி வந்த கதையைத் தொடங்கிவிடுவார் வீட்டுக்காரர்.
இன்று வேண்டாம் என்றேன்.
மூன்று மணிக்கு மண்டபத்தில் கேக் நிற்க வேண்டும்.

ரோஜா சுலபம்.
காசளவு வட்டம், ஓரத்தில் கட்டைவிரலால் ஒரு நசுக்கு,
ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போனால்
ஏழாவது இதழில் தானாகவே பூவாகிவிடும்.
ஆள்தான் கஷ்டம்.
வாட்ஸப்பில் வந்த படத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு
திருஷாவின் சேலை மடிப்பை முள்கரண்டியால் இழுத்தேன்.
கெருஷனுக்கு வெள்ளைத் தலைப்பாகை, கோகோ மீசை,
முதுகெலும்புக்கு ஒரு பல்குச்சி.
நிமிர்ந்து நின்றான், கடன் தர மறுக்கும் வங்கி மேலாளர் மாதிரி.

பிப்ரவரி டர்பனில் சுவரே வியர்க்கும்.
ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் பொம்மை அழும்.
அதனால்தான் மின்விசிறிக்கு எதிரே வைத்திருந்தேன்.
பத்து மணிக்கு மின்வெட்டு
(அட்டவணையில் அது அடுத்த தெருவுக்கு).
கம்பி போடாத ஜன்னலைத் திறந்துவிட்டுக்
குளிக்கப் போனேன்.

சாட்ஸ்வொர்த்தில் பிறந்த எவளும் செய்யமாட்டாள் அதை.

சாம்பல் உடம்பு, கறுப்பு முகம்.
எதிர்வீட்டுக் கூரையில் உட்கார்ந்து
தலைப்பாகையைப் பழத்தோல் போல உரித்துக்கொண்டிருந்தது.
மணப்பெண்ணைத் தொடக்கூட இல்லை.
“குச்சி இருக்கு! உள்ளே குச்சி இருக்கு!”
ஈரத்தலையோடு நான் கத்திய தமிழ்
அதற்கும் புரியவில்லை,
எட்டிப் பார்த்த மிஸஸ் பிள்ளைக்கும் புரியவில்லை.
கெருஷனை இடுப்புவரை மென்றபடி
ஓடைப் பக்கம் தாவிப் போயிற்று.

வெள்ளை தீர்ந்துவிட்டது.
மிச்சமிருந்த சிவப்பு, பச்சை, மஞ்சள் துண்டுகளை
ஒரே உருண்டையாகப் பிசைந்தால்
என்ன நிறம் வரும் தெரியுமா?
நம் நிறம்.
காயாத ரோஜா ஒன்றைக் கலைத்துத் தலைப்பாகை கட்டினேன்.
இருந்த மாவுக்கு
இரண்டாவது கெருஷன்
திருஷாவின் தோள்வரைதான் வந்தான்.

மண்டபத்தில்
மாலை வாங்கிக்கொள்ள மணப்பெண் குனிந்தபோதுதான்
நிஜ மாப்பிள்ளையைப் பார்த்தேன்.
“அச்சு அசல்!” என்றாள் அவனுடைய அத்தை,
கேக்கையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து.
பிறகு குரலைத் தாழ்த்தி,
“உங்களுக்கு எப்படித் தெரியும்?
படத்தில் ஸ்டூல் போட்டல்லவா நிறுத்தியிருந்தோம்?”
காலி அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டே
சிரித்து வைத்தேன்.

ஞாயிறு முழுக்கத் தொண்டையில் ஏதோ குத்திற்று, எனக்கு.
திங்கள் காலை குப்பைத் தொட்டியோரம்
கிடந்தது பல்குச்சி.
முழுசாக.
ஒரு துளி இனிப்பு மிச்சமில்லை, எறும்புகூட வரவில்லை.