மேட்டு மடிப்பு, பள்ள மடிப்பு

முதலில் தாள் சதுரமாக வேண்டும்.
என்னிடம் இருப்பதோ ஏ-ஃபோர்,
மெஷின் மென்று துப்பியது.
ஒரு மூலையை எதிர்விளிம்பில் சாய்த்து
நகத்தால் ஒரு இழு.
கீழே நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும்.
வெட்டிவிடு என்கின்றன
செல்போனுக்குள் முகம் இல்லாத இரண்டு கைகள்.
வெட்டிவிடுவேன்.
சில்லறைக் கணக்கு எழுதக் கல்லாவில்
பட்டை பட்டையாகக் கிடக்கிறது ஒரு வருஷம்.

இனி, மடிப்பு இரண்டே வகை.
முதுகு மேலே எழுந்தால் மலை,
உள்ளே குழிந்தால் பள்ளத்தாக்கு என்று
அடியில் யாரோ எழுத்து ஓடவிட்டிருக்கிறார்கள்.
கடலூர்க்காரிக்கு இது சரிப்படாது.
மலை என்று எங்களிடம் இருப்பது கேப்பர் மலை;
பஸ் அதில் ஏறுவது
தூங்குகிறவர்களுக்குத் தெரியாது.
பள்ளத்தாக்கைக் காலண்டரில் பார்த்ததோடு சரி.
ஆகவே மேடு, பள்ளம் என்று மாற்றிக்கொண்டேன்.
இங்கே வாடகைக்கு வீடு கேட்டால்
முதல் கேள்வியே அதுதான்.

மஞ்சக்குப்பத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம்
ஜெராக்ஸ், லேமினேஷன், கலர் பிரிண்ட்.
கூட்டம் பத்தரைக்கு ஏறும், ஒன்றரைக்கு வடியும்.
நடுவில் ஆதார் ஆதாராக எத்தனை முகம்,
எல்லாம் கறுத்து, எல்லாம் யாரையோ முறைத்து.
வீணான ஆதாரை மட்டும் மடிக்க மாட்டேன்,
பொடிப்பொடியாகக் கிழிப்பேன்.
மூக்கின் குறுக்கே பள்ளம் விழுவது
பார்க்கச் சகிக்காது.

கொக்குதான் எல்லோரும் ஆசைப்பட்டுச் செய்வது.
எனக்குக் கழுத்து வரும்; அலகு வராது.
உப்பனாற்றில் நிற்கும் கொக்குக்காவது ஒற்றைக் கால்,
இதற்கு அதுவும் இல்லை.
எப்படி மீன் பிடிக்கும் என்று
தயாளன் அண்ணன் கேட்டார்.
கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலோடு
லேமினேஷன் பக்கம் போய்விட்டார்.

அதனால் அன்றைக்கு வெட்டவில்லை.
பட்டையை உள்ளே தள்ளியே மடித்தேன்.
தாளில் வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது;
திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.
கழுத்து எழுகிற நேரம்
வாசலில் ஒரு அம்மா மூச்சு வாங்க நிற்கிறார்.
“மனுவக் கண்ணாடிமேலயே வச்சுட்டுப் போயிட்டேன் போல.”
அஞ்சலாட்சி. குண்டு உப்பலவாடி.
கொக்கின் இறக்கைக்குள் நீல மையில்
‘மதிப்பிற்குரிய ஐயா’ இருந்தது.
வயிற்றில் கதவிலக்கம் இருந்தது.

பிரிப்பதை எந்த வீடியோவும் சொல்லித் தருவதில்லை.
பின்னாலிருந்து வர வேண்டும்:
அலகில்லாத தலை, கழுத்து, இறக்கை,
அப்புறம் அந்தப் பட்டை.
அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
திட்டியிருந்தால் தேவலை.
மெஷின் மூடிக்கு அடியில் வைத்து அழுத்தினேன்.
போகவில்லை.
தாளின் நாரே அல்லவா ஒடிந்திருக்கிறது.
கடைசியில் அதையே காப்பி எடுத்தேன், காசில்லாமல்.
வெளிச்சம் ஓடி முடிந்து வந்த தாளில்
என் மடிப்பெல்லாம் சாம்பல் கோடு,
எழுத்துக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும்.

அஞ்சலாட்சி வாங்கிப் பார்த்தார்.
ஒரு கோட்டின்மேல் விரல் வைத்தார்.
“இது ரோடு மாதிரி இருக்கு.”
விரல் நகர்ந்தது.
“இது பெண்ணையாத்துக் கரை.
இங்கதாம்மா உடைச்சுக்கிட்டு வந்துச்சு.”
பிறகு பேசாமல் எதையோ தேடினார்.
இரண்டு பள்ளம் கூடுகிற இடத்தில்
நகம் நின்றது.
“எழுதிக் குடுத்தவரு இதெல்லாம் போடல.”

எதைக் கொடுப்பீர்கள், அசலையா நகலையா என்று கேட்டேன்.
இரண்டையும் சேர்த்துப் பிடித்து
பாதி, அதில் பாதி என நாலாக மடித்தார்.
ஓரம் ஓரத்தோடு மயிரிழை பிசகவில்லை.
துணிக்கடைக் கவருக்குள் போட்டுக்கொண்டு
வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி
ரோட்டைத் தாண்டிவிட்டார்.

முதலில் சதுரம் என்று சொன்னேன் இல்லையா?
அதற்கும் முன்னால் ஒன்று உண்டு:
தாளை இரண்டு பக்கமும் படிக்கவும்.

அலகு எனக்கு இன்னும் வரவில்லை.