கதவு எண் கட்டாயம்

தருமபுரி நாலு ரோட்டில் என் கூரியர் கடை.
ஜெராக்ஸ் பக்கம் ஒன்றரை ரூபாய்.
பாஸ்போர்ட் இல்லாத எனக்கு
உலகம் வெறும் பின்கோடுகளாகத்தான் தெரியும்.

ஒசாகாவுக்குப் போகும் பெட்டியில்
மாநிலம் முதலில், பிறகு நகரம், பேட்டை, மனை
என்று படி இறங்கி இறங்கி
கடைசியில்தான் ஆள் வருவார்.
நாமோ ஆளில் தொடங்கி
அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்று
மூச்சு வாங்க மேலே ஏறுகிறோம்.
ஷார்ஜாவில் தெருவே வேண்டாம்,
ஒரு தபால் பெட்டி எண் போதும்.
எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறான் என்று
பெட்டிக்குத் தெரியாது.

மேன்ஷன் என்றால் நமக்கு
கொடியில் நாலு லுங்கி, பொதுக் குழாய்.
லண்டனில் அது பிரபுவின் மாளிகை,
ஒசாகாவில் அடுக்குமாடி வீடு.
முதல் மாடி என்று அமெரிக்காவிலிருந்து எழுதுகிறவன்
தரையில்தான் இருக்கிறான்.
இதெல்லாம் திரும்பி வந்த பார்சல்கள்
எனக்குச் சொல்லித் தந்தவை.

நேற்று மத்தியானம் கெம்பம்மா வந்தார்.
கேழ்வரகு மாவு, கொட்டை எடுத்த புளி,
ஒரு துணிப் பையில் அவரைப் பருப்பு.
மகள் நதியா ஜெர்மனியில் நர்ஸ்.
காசெல், லிண்டன் ஸ்ட்ராசே, பதினாலு.
"பதினாலு கட்டடம்மா. உள்ளே எத்தனாவது வீடு?"
"அதெல்லாம் இல்லையாம் சார்."
பன்னிரண்டு குடித்தனம், ஒன்றுக்கும் நம்பர் கிடையாதாம்.
என் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.
கட்டத்தின் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரம்:
கதவு எண் கட்டாயம்.

அவர் போன் போட்டார், ஸ்பீக்கரில்.
மகள் சிரித்தாள். வாசலில் காலிங் பெல் வரிசை, அண்ணா,
ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்திலும் ஒரு பேர்.
பேர் இருந்தால் தபால் வரும்,
பேர் உரிந்து விழுந்தால் நான் இங்கே இல்லை.

கெம்பம்மாவுக்குக் கதை சொல்ல ஆள் கிடைத்தது.
வாடகையில் அங்கே குளிர் வாடகை,
சூடு வாடகை என்று ரெண்டாம்.
"நமக்கு எப்பவும் சூடுதான் சார்."
காலி செய்கிறவர்கள்
சமையல்கட்டையே கழற்றிக்கொண்டு போவார்களாம்.
மகள் குடியேறிய அன்று
சுவரிலிருந்து ரெண்டு குழாய்தான் நீட்டிக்கொண்டிருந்தனவாம்.
"நாங்க மூணு கல்லையும் விட்டுட்டுத்தான் வருவோம்."

"பெல்லில் என்ன பேர்? நதியாவா?"
"இல்லண்ணா. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிச்சு எழுதினோமில்ல,
அதைத்தான் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டாங்க.
மாதையன்."

கெம்பம்மா துணிப் பையின் முடிச்சை
அவிழ்த்து, மறுபடி போட்டார்.
"அவங்கப்பன்" என்றார்.
ஏரிப் புறம்போக்கில் மண்சுவர் எழுப்பி
பட்டாவுக்கு மூன்று முறை எழுதிப் போட்டவர்.
மூன்று முறையும் மனு திரும்பியது,
கதவு எண் குறிப்பிடப்படவில்லை என்று.
நாலாவதுக்கு அவர் இல்லை.

காசெலில் இப்போது பனி பெய்யுமா, தெரியவில்லை.
யாரோ ஒரு தபால்காரர் கையுறையோடு
மாதையனை அழுத்துகிறார்.
மேலே மணி அடிக்கிறது.

"அனுப்புநர் முகவரி சொல்லுங்கம்மா. கதவு எண்?"
"மாதையன் வீடுன்னு போடு சாமி.
ஏரி மேடு, பம்ப் ஆப்பரேட்டர் வீட்டுக்கு எதிர, மொரப்பூர் வழி.
போஸ்ட்காரர் கண்ணை மூடிக்கிட்டு வருவாரு."

பெறுநரிலும் மாதையன்,
அனுப்புநரிலும் மாதையன்.
ரெண்டு நட்சத்திரத்துக்கும் பூஜ்யம் தட்டினேன்.
கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

ஐந்து கிலோ நானூறு.
மாவுப் பை ஓரத்தில் லேசாகக் கசிந்தது.
டேப்பை இன்னொரு சுற்று சுற்றினேன்,
அதற்குக் காசு வாங்கவில்லை.