ஏழாம் குழி

செங்கோடன் கொண்டுவந்த இலைகளுக்கு
ஈர நாளிதழ்தான் உறை. ஐந்து பொட்டலம்.
வாழப்பாடியிலிருந்து பஸ்ஸில், மடிமேல் வைத்து,
ஜன்னல் வெயில் படாமல்.
விரித்தால் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாய்
விரல் முடங்கிய மரவள்ளி.
"தேமல்னு எனக்கே தெரியும்மா.
எந்தத் தேமல்னு தெரியணும்.
விதைக்குச்சி குடுக்கிறவன் கேக்கறான்."

திரவ நைட்ரஜனில் இலை கண்ணாடியாகிறது.
கல்வத்தில் நான்கு சுற்று, பச்சை மாவு.
குளோரோஃபார்ம், சுழற்சி, ஐஸ்.
கடைசியில் குழாயின் அடியில்
ஜவ்வரிசி ஒன்றில் பாதியளவு
டி.என்.ஏ.

ஒரே குழாயில் இரண்டு ஜோடி பிரைமர்:
ஒன்று இந்திய வகையைத் தேடும்,
மற்றது இலங்கை வகையை.
தனக்குரிய எழுத்துகள் வரிசையாய்க் கிடைத்தால் ஒட்டும்.
இல்லையென்றால் சும்மா மிதக்கும்,
யாரையும் எதுவும் கேட்காது.
தொண்ணூற்று நான்கு, ஐம்பத்தைந்து, எழுபத்திரண்டு.
பிரி, ஒட்டு, நீட்டு.
முப்பத்தைந்து முறை.

அந்த இரண்டே கால் மணி நேரத்தில்
டிபன் பாக்ஸைத் திறப்பேன்.
படிக்கட்டு ஜன்னலில் சேர்வராயன் தெரியும்.
ஏற்காட்டு வளைவுகளில் ஒரு பஸ் விளக்கு
தோன்றும், மறையும், கொஞ்சம் உயரத்தில் மறுபடி தோன்றும்.

பொட்டலத்தை வாங்கும்போதே கேட்டார்,
"பேச்சுல ஒரு இழுப்பு இருக்கே. எந்த ஊரு?"
முகாம் என்றேன்.
"ஓ, சிலோனா?"
பிறந்தது ஆத்தூர் அரசு ஆஸ்பத்திரியில்.
அதைச் சொல்லவில்லை.
சொன்னால் அட்டையைக் காட்ட வேண்டிவரும்,
அட்டையில் வேறு எழுதியிருக்கிறது.
அப்பாவின் பாட்டனார் இதே ஜில்லாவிலிருந்து
தேயிலைக்குப் போனவர்.
எந்தக் கிராமம் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

கிருமியும் நானும் என்று
சட்டென எழுதிவிடலாம்.
எழுதமாட்டேன்.
வெள்ளை ஈயின் வாயில் ஏறியும்
வெட்டிய குச்சிக்குள் ஒளிந்தும் வருவது அது.
மன்னார்க் கரையில்
அக்காவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு
படகுக்குக் காசு போதாமல்
தோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் அம்மா.
இரண்டையும் ஒரே வரியில் வைப்பவர்களைத்
தாலுகா ஆபீசில் நிறையப் பார்த்தாயிற்று.

பெயரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.
இலங்கை வகை என்றால்
அங்கே உருவானது என்று அர்த்தமில்லை.
அங்கே முதலில் பிடிபட்டது, அவ்வளவுதான்.
எவன் கண்ணில் எங்கே பட்டதோ அந்த ஊர்ப்பெயர்,
பிறகு எந்தக் காட்டில் முளைத்தாலும் கூடவே.

ஜெல்லைப் புறஊதா வெளிச்சத்தில் வைத்தேன்.
முதல் குழி அளவுகோல்.
இரண்டாவது வெறும் தண்ணீர். எதுவும் தெரியக்கூடாது.
தெரியவில்லை.
இந்த இருட்டைப் பார்த்த பிறகுதான்
மற்ற வெளிச்சங்களை நம்பலாம்.
மூன்று, நான்கு: கீழ்க்கோடு.
ஐந்து: மேல்கோடு.
ஆறில் ஒன்றுமில்லை.
ஏழில்
இரண்டும்.
ஒரே இலை, ஒரே காம்பு, ஒரே வெயில்.
சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன்.
மறுபடியும் இரண்டு.

ரிப்போர்ட்டில் 'வகை' என்று ஒரே கட்டம்,
கட்டைவிரல் நகம் அகலம்.
இரண்டு பெயரையும் நெருக்கி எழுதினேன்.
"ஏதாவது ஒண்ணப் போடும்மா" என்றார்
மேனேஜர் தணிகாசலம்.
கோடு ரெண்டு சார் என்றேன்.
என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

செங்கோடன் போனில் முழுதும் கேட்டார்.
"அப்ப அந்தச் செடியப் பிடுங்கணுமா?"
பிடுங்கணும்.
ஆறாம் நம்பர் இருந்த பாத்தியிலதான்
குச்சிக்குத் தேடிப் பாக்கணும்.
"ஆறாம் நம்பர் எது?
நீங்கதானே நம்பர் போட்டீங்க."

குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன்.
ஈரம் காய்ந்து விறைத்த ஐந்து தாள்களில்
என் மார்க்கர் ஆறு ஒன்றில்.
அதன் மறுபக்கம், சினிமா விளம்பர ஓரத்தில்,
பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்து:
கிணத்துக்குத் தெக்கால, மூணாவது வரப்பு,
பம்புசெட்டு நெழல் விழற எடம்.