பதினொன்று மீதி

கொல்ச்சானியில் வீட்டுச் சுவரே உப்புக்கல்.
அந்த ஊர்க்காரனிடம் போய்
உப்பைக் குறை நிக்கானோர் என்று
போன வருஷம் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

தலையாட்டினான்.
எல்லாவற்றுக்கும் ஆட்டுவான்.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஆட்டினான்.
தலை வலிக்காத நாளிலும். ஆட்டினான்.
புரிந்ததா?
அதற்கு இரண்டு முறை.

அவனுக்கு எழுத்துக் கூட்டத்தான் வருமென்று
பெட்டியில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தேன்.
ஜனவரியில் உப்புவெளியில் தண்ணீர் நிற்கும்போது
மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டு சூரியன் சிஸ்டர்,
எதைப் பார்த்து விழுங்க, என்றான்.
படம் புரியவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
அவன் மனைவி கசிமிரா ஏன் வாயைப் பொத்திக்கொண்டாள் என்பது
ஊயூனிக்குத் திரும்பும் லாரியில்தான் உறைத்தது.

இன்று அட்டையை எண்ணுகிறேன்.
நாலு மீதி இருக்க வேண்டும்.
பதினொன்று இருக்கிறது.
கையில் பட்டையைச் சுற்றி அழுத்தினால் நூற்றெழுபது.
அவிழ்த்துச் சுற்றினேன், நூற்றெழுபத்திரண்டு.
எனக்கும் ஏறித்தான் இருக்கும்,
அளக்க ஆளில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்க வாயெடுத்து
என்னவோ, கேட்காமல்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன்.
அரைத்த உப்பின் குவியலில்
அயோடின் தெளித்துக்கொண்டிருந்தான்.
குவியலுக்கு ஒரு மூடி.
கண்ணளவு கிடையாது, மூடியளவு.

ஒரு குவியலுக்கு விட்டுப்போனால்?

நாளைக்கே யாருக்கும் கழுத்து வீங்காது சிஸ்டர்.
அதுதான் பயம்.
விட்டுப்போனதே தெரியாது,
எத்தனையோ வருஷம் கழித்து ஏதோ ஊரில்
எவளோ ஒருத்தி கண்ணாடி பார்க்கிறவரைக்கும்.

மூன்று பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருக்கிறேன்.
இந்த வாக்கியத்தை யாரும் எனக்குத் தரவில்லை.

அப்படியென்றால் மாத்திரை?

மூடி பிடித்த கை நின்றது.
இருமல், என்றான்.
விழுங்கினால் வருகிறது, நிறுத்தினால் போகிறது.
எவாரிஸ்டோ இப்படித்தான் இருமத் தொடங்கினான்,
என் அண்ணன்,
ஈயச் சுரங்கத்திலிருந்து திரும்பிய வருஷம்.
அதன்பின் உட்காரவைத்தேதான் தூங்கவைத்தோம்.
படுக்கவைத்தது ஒரே ஒரு தடவை.

எனக்குத் தெரியும்.
அந்த மாத்திரைக்கு அந்த இருமல் வரும், சிலருக்கு.
நெஞ்சைத் தின்கிற இருமல் அல்ல,
தொண்டையில் மயிர் ஒட்டினாற்போல ஒரு வறட்டு அரிப்பு.
மாற்று மாத்திரை உண்டு.
எட்டாக மடித்த தாளில் எறும்பெழுத்தில் எல்லாம் இருக்கிறது.
சொன்னால் பயந்து நிறுத்திவிடுவான் என்று
விட்டுவிட்டேன்.

இப்போது சொன்னேன்.
எவாரிஸ்டோவின் நுரையீரல் வேறு, உன்னுடையது வேறு,
வியாழக்கிழமை டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்குகிறேன், என்று.
எல்லாம் கேட்டுவிட்டு
இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும், என்றான்.
முதல் நாளிலிருந்து.

இந்தத் தடவை தலையாட்டவில்லை.
அடுத்த குவியலுக்குப் போனான்.
மூடி. தெளிப்பு. மண்வெட்டியால் இரண்டு புரட்டு.
முதுகைக் காட்டியபடியே
புது மாத்திரை என்னென்ன செய்யும், மொத்தத்தையும் சொல்லுங்கள் என்றான்,
நல்லதை மட்டும் பொறுக்காமல்.
கால் வீங்கலாம் என்பதில் தொடங்கினேன்.

கசிமிரா கினுவா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.
ஒரு வாய். சப்பென்று இருந்தது.
பழக்க தோஷம், கை மேஜையில் துழாவியது.

வீட்டுக்குள் வைப்பதில்லை சிஸ்டர், என்றாள்.
ஒரு வருஷம் ஆகிறது.
நீங்கள்தானே சொன்னீர்கள்.

கதவுக்கு வெளியே அடிவானம்வரை வெள்ளை.
நான் கிண்ணத்தை வழித்துக் குடித்தேன்.
பதினொன்றும் என் பையில் கிடந்தன,
அட்டையோடு.