இரண்டாம் கொப்பி

பொரளையில் நினைவுக் கூட்டம்.
மேடையில் முன்னோடி என்கிறார்கள், மேதை என்கிறார்கள்.
நான் மூன்றாம் வரிசை ஓரத்தில்,
கைத்தடியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு.
என்னைப் பேசக் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேன்:
நான் அவருடைய பிழைகளில் ஒருவன்.

டாக்டர் நேசரத்தினம் அருளப்பு
லண்டனில் படித்துத் திரும்பிய வருடம்
தடித்த புத்தகமொன்று அடித்துச் சொன்னது:
வெயில் நாடுகளில் எம்.எஸ். இல்லை.
'இல்லையா, எண்ணவில்லையா?'
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு
ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில்
எண்பது பக்கக் கொப்பியொன்று வாங்கினாராம்.

முதல் எண்: மட்டக்குளி, தையற்காரி, இரட்டைப் பார்வை.
இரண்டு: தெமட்டகொட, பஸ் கண்டக்டர்.
விழுந்த சில்லறையைக் குனிந்து பொறுக்கும்போது
முதுகெலும்பில் மின்னல்.
ஆறுக்கும் ஏழுக்கும் இடையில்
ஒரு வருடம் வெறுமை.
எந்த வருடம் என்று பார்த்தவருக்கு
ஏனென்று கேட்கத் தோன்றாது.

நான் ஐம்பத்து மூன்று.
துறைமுகத்தில் கொள்கலன் எண்ணுகிற கிளார்க்.
இடக் கண்ணில் முதலில் போனது சிவப்பு;
தபாற்பெட்டி துருவாயிற்று.
பிறகு கப்பல்கள் சாம்பலாகி
ஒரு காலை கப்பலே இல்லை.
அவர் என் நோயின் பெயரைச் சொன்னார். எழுதினார்.
ஒரு குழாய் இரத்தம் எடுத்து உறையப் போட்டார்.
"இது எதற்கென்று இன்றைக்குத் தெரியாது.
தெரிகிற நாளில் இது இருக்கவேணும்."

தொண்ணூற்றாறு. மழை பொய்த்து ஊரெல்லாம் மின்வெட்டு.
ஆய்வுகூட ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது.
எங்களை மீன் பெட்டியில் அடுக்கி,
எங்கள் இரத்தத்தைத்தான்,
ஆட்டோவில் முகத்துவாரத்து ஐஸ் தொழிற்சாலைக்குக் கொண்டு போனார்.
பாரைக்கும் சூரைக்கும் நடுவே கிடந்தோம்.
"என்ன மீன், டொக்டர்?" முதலாளி கேட்டாராம்.
"இன்னும் பெயர் தெரியாத மீன்."

பன்னிரண்டு வருடம் கழித்து
அந்தக் குழாய்கள் வாய் திறந்தன.
பதினொரு பேரில் இருந்தது எம்.எஸ். அல்ல,
அதன் முகம் வைத்திருந்த வேறொன்று.
ஒன்றுக்கான ஊசி மற்றதற்குக் கெடுதல்.
நான்கு வருடம், ஒன்றுவிட்ட நாள், வயிற்றில்
நானே குத்திக்கொண்ட ஊசி.

கடிதம் போட்டிருக்கலாம்.
கிளினிக்கில் சொல்லியிருக்கலாம்.
சித்திரை வெயிலில் பஸ் ஏறி
கொட்டாஞ்சேனைக்கு வந்தார்,
லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு.
"ரொசைரோ, உமக்கு நான்
பிழையான பெயர் சொல்லிப்போட்டன்."
மனைவி கொடுத்த நெக்டோ
குடிக்காமலே அவர் கையில் சூடேறிற்று.
எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை.
அந்த நான்கு வருடத்தில்தான் வலக்கால் போனது.
மன்னிப்பு என்ற சொல்லை
நாங்கள் இருவரும் பாவிக்கவில்லை.
படியில் நின்று, கைப்பிடியைப் பற்றியபடி சொன்னார்:
"இன்னும் ஏழு வீடு இருக்கு."

பதினொருவருக்கும் புதிய கொப்பி திறந்தார்.
அதில் நான் இரண்டு.
பழையதில் ஐம்பத்து மூன்றின் மேல்
வாசிக்கக்கூடியபடி ஒற்றைக் கோடு,
பக்கத்தில்: என் பிழை. நே. அ.

மண்டபத்தில் ஏசி நின்றுவிட்டது.
சூடு ஏற ஏற, மிஞ்சிய கண்ணிலும் பனி;
மேடையில் அவர் படம் வெள்ளையாகக் கரைகிறது.
பதறவில்லை. அவர் சொல்லித் தந்ததுதான்:
வெயில் புதிதாய் எதையும் உடைக்காது,
குளிர்ந்தால் திரும்பும்.
தண்ணீர்ப் போத்தலை மணிக்கட்டில் உருட்டுகிறேன்.
கண்ணாடிச் சட்டம் வருகிறது. நெற்றி வருகிறது.
மாலையின் சிவப்பு கடைசியாக.

முன்வரிசையில் சிலாபத்துப் பிள்ளையொன்று,
இரண்டாம் கொப்பி, நூற்று நாற்பது,
வேறு யாருடையதோ கையெழுத்தில்.
சரியான பெயரை
மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்களாம்.
மலர் வைக்க மேடைப் படியில் ஏறுகிறாள்,
ஒன்றையும் பிடிக்காமல்.

நான் குனிந்து
என் தடியைத் தேடுகிறேன்.