என் முறை வியாழன்

லாங்கென்தாலில், நாங்கள் இருக்கும் கட்டடத்தில்
உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவில் ஓர் அட்டவணை.
என் பெயருக்கு நேரே வியாழன், காலை ஏழிலிருந்து இரவு எட்டுவரை.
உடுப்பு மட்டும்தான் என்று எங்கும் எழுதவில்லை.
இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான்
அலுமினியச் சட்டங்களைக் கீழே கொண்டுபோனேன்.

பதினாலில் ஒரு பங்கு லொறி.
நிஜ லொறி எனக்கு ஓட்டத் தெரியாது,
ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டு அடுக்குகிறேன்.
ஆறு மாத ஞாயிறுகளின் மேலதிகக் காசு
ஒரு பெட்டியாக வந்து இறங்கியது.
பெட்டிமேல் படத்தில் நீல முகப்பு, வெள்ளிப் புகைக்குழாய்.
எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள்.
குகேந்திரன் கேட்டார்:
"அடியில் கிடக்கிற சட்டத்துக்கு ஏனப்பா இவ்வளவு பாடு?"
நான் நானூறாம் நம்பர் உப்புத்தாளை
தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலைப் பளபளப்பு பொல்லாதது.
அதன்மேல் எதுவும் பிடிக்காது.
கீறவேண்டும், மினுக்கம் சாகும்வரை,
நெடுக ஒரு தரம், குறுக்கே ஒரு தரம்,
விரல்நுனி சாம்பலாகும்வரை.
பிறகு ஸ்பிரிட். பிறகு கை படக்கூடாது.
ஒரு பெருவிரல் ரேகை போதும்,
மூன்று மாதம் கழித்து அந்த இடம் தோலுரிந்து
தொட்டது யார் என்று சாட்சி சொல்லும்.

துளைகள் நாற்பத்திரண்டு.
ஒவ்வொன்றிலும் ஒரு பல்குத்தும் குச்சி,
மரைக்குள் பூச்சுப் புகுந்தால் திருகாணி இறங்காது.
அச்சு வந்து உட்காரும் இடங்களில் ஒட்டுநாடா.
அங்கே உலோகம் உலோகத்தைத் தொடவேண்டும்,
இடையில் அழகு எதுவும் கூடாது.

கொடியில் இரண்டையும் கம்பியால் தொங்கவிட்டேன்.
முள்ளம்பன்றிக்குக் காற்சட்டை தைத்துத் தோய்த்தால்
இப்படித்தான் காயும்.

டின்னைச் சுடுதண்ணீரில் சற்று இருத்தி
உள்ளே குண்டு கடகடக்க, இருநூறு எண்ணும்வரை குலுக்கி,
ஒரு சாண் தள்ளி நின்று
காற்றில் தொடங்கி, சட்டத்தைக் கடந்து,
வெளியே போய்த்தான் விரலை எடுக்கவேண்டும்.
நடுவில் தயங்கினால் வழியும்.
முதலாவது பூச்சே அல்ல, ஒரு சந்தேகம்.
இரண்டாவது வெட்கம்.
மூன்றாவதில்தான் தான் சிவப்பு என்று ஒத்துக்கொண்டது.
துருவின் சிவப்பு. அலுமினியம் துருப்பிடிக்காது, தெரியும்.
இருந்தாலும் அந்த நிறம்தான்.

அப்போதுதான் கண்டேன், மற்றக் கொடியின் மூலையில்
மூன்றாம் மாடி ஸ்பிண்டன் புதன்கிழமை மறந்துபோன
ஒற்றை வெள்ளைக் காலுறை.
குதிகாலில் சிவப்பாய் மூடுபனி.

மறைக்கலாம். குப்பையில் போடலாம்.
காலுறை தொலைவது உலக வழக்கம்.
எட்டு மணிக்கு அதையும் எடுத்துக்கொண்டு படி ஏறினேன்.
ஜெர்மனில் மன்னிப்பை ஒத்திகை பார்த்ததில்
மூன்றாம் வேற்றுமையா நான்காவதா என்பது
மாடிக்கு மாடி மாறியது.

அவர் காலுறையை விளக்கின்கீழ் பிடித்துப் பார்த்தார்.
உள்ளே போனார். கதவு திறந்தே கிடந்தது.
திரும்பி வந்தார், அதன் சோடியோடு.
"இதையும்," என்றார். "ஒன்றுபோல இருக்கட்டும்."
சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.
அடுத்த வியாழன் நான்காம் பூச்சுக்கு
மூன்று பேராகத் தொங்கினார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, பள்ளிக்கூட மண்டபத்தில் ஓட்டம்.
பலகைப் பாலம், மண்மேடு, பிளாஸ்டிக் ஊசியிலை மரங்கள்.
நீல முகப்பை எல்லோரும் படமெடுத்தார்கள்.
வளைவில் என் விரல் கொஞ்சம் கூடிப்போய்
லொறி ஒரு பக்கம் தூக்கி, யோசித்து,
கவிழ்ந்தது.
சக்கரமெல்லாம் கூரையைப் பார்த்துச் சுழன்றன.
தடுப்புக்கு மேலாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.
வழிசல் இல்லை. குமிழி இல்லை. ரேகை இல்லை.
மண்டபத்து வெளிச்சம் முழுக்க அந்தச் சிவப்பு வயிற்றில்.

"போய் நிமிர்த்து," என்றார் குகேந்திரன்.

சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது.
முதலில் அதைக் கட்டினேன்.